"12 கட்டமும் நிக்குது அண்ணாச்சி!" பேட்டரி கார் விற்பனையில் புதுவகைத் தில்லுமுல்லு

சிவகிரி,

பழைய கார் வாங்கப் போனால் முன்பெல்லாம் கிலோமீட்டர் மீட்டரைத்தான் சந்தேகப்படுவோம். 2 லட்சம் ஓடிய வண்டி 60 ஆயிரம் என்று காட்டும். மீட்டரைத் திருப்பி வைத்த கில்லாடிகளின் கதை பஜாரில் டீ குடிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இப்போது திருப்புவது அந்த மீட்டரை அல்ல. பேட்டரி மீட்டரை!

"சார்ஜ் ஃபுல்லு பாருங்க அண்ணாச்சி, ஒரு கட்டம் கூட குறையலை" என்று தரகர் சாவியை நீட்டுவார். நீங்களும் எட்டிப் பார்ப்பீர்கள். கட்டமெல்லாம் பளபளவென்று எரியும். அங்கேதான் மாட்டிக் கொள்கிறோம்.

சார்ஜ் ஃபுல் என்பது வேறு. பேட்டரி நன்றாக இருக்கிறது என்பது வேறு. 10 லிட்டர் குடமும் நிறையும், 4 லிட்டர் செம்பும் நிறையும். இரண்டுமே 'ஃபுல்'தான். குடம் செம்பாகச் சுருங்கிப் போயிருந்தால் அதை அந்தக் கட்டம் சொல்லாது.

பேட்டரி வண்டியில் விலையின் பெரும்பகுதி அந்தப் பேட்டரிதான். இஞ்சின் கோளாறு என்றால் ராஜபாளையத்திலோ சங்கரன்கோவிலிலோ ஒரு மெக்கானிக்கைப் பிடித்து போர் போட்டு, பிஸ்டன் மாற்றி ஓட்டிவிடலாம். பேட்டரி போனால் வண்டியை வாங்கிய காசில் பெரும் பங்கை மறுபடியும் எண்ணி வைக்க வேண்டும். ரிட்டயராகி வந்த பணத்திலோ, சீட்டு எடுத்த பணத்திலோ வாங்கியவர் கதி என்ன ஆகும்?

அதனால்தான் இந்தக் கட்டுரை. கடை வைத்திருப்பவர், ஆபீஸ் போகிறவர், தினம் தென்காசி ரோட்டில் அலைகிறவர் எல்லோரும் கொஞ்சம் நின்று படியுங்கள்.

இரட்டை மாட்டு வண்டி

முதலில் இந்தப் 'பிளக்-இன் ஹைபிரிட்' என்பது என்ன சங்கதி?

இரட்டை மாட்டு வண்டி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு மாடு பெட்ரோல் இஞ்சின். இன்னொரு மாடு மின்சார மோட்டார். மோட்டாருக்குத் தீனி போடுவது பேட்டரி. அந்தப் பேட்டரியை ராத்திரி வீட்டுச் சுவரில் இருக்கிற பிளக்கில் சொருகி சார்ஜ் செய்யலாம். 30, 40, 50 கிலோமீட்டர் வரை பெட்ரோல் சொட்டு செலவில்லாமல் ஓடும். சார்ஜ் தீர்ந்ததும் இஞ்சின் தானாகக் கிளம்பும்.

நம் நாட்டில் இது பணக்கார வண்டி. 2015ல் பி.எம்.டபிள்யூ. ஐ8 வந்தது. 2016ல் வோல்வோ எக்ஸ்.சி.90 டி8 வந்தது. கோடிக் கணக்கில் விலை. ஆனால் கோடி ரூபாய்க் காரும் ஒரு நாள் பழைய கார்தான். விலை மடமடவென்று சரியும்போதுதான் நடுத்தரக் கை நீளும். கை நீளுகிற நேரத்தில் பேட்டரிக்கு வயது பத்தைத் தொட்டிருக்கும்.

இந்த வண்டியில் ஒரு விசேஷ ஆபத்து உண்டு. ஒரு மாடு இளைத்துப் போனால் இன்னொரு மாடு இழுத்துவிடும்! முழு மின்சாரக் காரில் பேட்டரி இளைத்தால் நடுரோட்டில் நின்று காட்டிக் கொடுத்துவிடும். ஹைபிரிட் நிற்காது. பெட்ரோல் இஞ்சின் சத்தமில்லாமல் வேலையைத் தன் தலையில் போட்டுக் கொள்ளும். வண்டி சுகமாக ஓடும். டெஸ்ட் டிரைவ் போனவருக்கு ஒன்றுமே தெரியாது. பெட்ரோல் பங்க் பில்தான் மூன்றாவது மாதம் உண்மையைச் சொல்லும்.

ஒரு கணக்கு போடுவோம். ஆபீசுக்குப் போய்வர தினம் 40 கிலோமீட்டர். பேட்டரி நன்றாக இருந்தால் முழுதும் கரண்டிலேயே போய் வரலாம். அதே பேட்டரி இளைத்து 24 கிலோமீட்டர்தான் இழுக்கிறது என்றால், மிச்சம் 16 கிலோமீட்டர் பெட்ரோல். மாதம் 25 நாளைக்கு 400 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 என்றால் 26, 27 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 2,600 ரூபாய்க்கு மேல். வருடத்துக்கு 30 ஆயிரத்தைத் தாண்டும். எதற்காக இந்த வண்டியை வாங்கினோமோ அதுவே பறிபோகிறது.

இன்னொரு சங்கதி. ஹைபிரிட் பேட்டரி சின்னது. சின்னதாக இருப்பதால் அடிக்கடி காலியாகி அடிக்கடி நிரம்பும். ஒரு சார்ஜில் 40 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி கரண்டிலேயே 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் 2 ஆயிரம் தடவை சார்ஜ் ஆகியிருக்கும். ஒரு சார்ஜில் 240 கிலோமீட்டர் ஓடுகிற முழு மின்சாரக் கார் அதே தூரத்துக்கு 330 சொச்சம் தடவைதான். சின்ன மாட்டுக்குத்தான் வேலை அதிகம்.

கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால் பேட்டரியை முழுசாகக் காலி செய்யவும் விடமாட்டார்கள், முழுசாக நிரப்பவும் விடமாட்டார்கள். மேலேயும் கீழேயும் கொஞ்சம் ஒதுக்கி வைப்பார்கள். மீட்டர் பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே கொஞ்சம் இருக்கும்.

பேர் பெத்த பேரு

இங்கே ஒரு எச்சரிக்கை. காரின் பின்னால் 'ஹைபிரிட்' என்று எழுதியிருந்தால் எல்லாம் கரண்டில் ஓடும் என்று நினைத்துவிட வேண்டாம்.

2015ல் மாருதி சியாஸ் காரில் எஸ்.எச்.வி.எஸ். என்று ஒன்று வந்தது. எர்டிகாவிலும் வந்தது. இது 'மைல்டு ஹைபிரிட்'. உள்ளே இருப்பது குட்டி பேட்டரி. இஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். கரண்டில் மட்டும் ஒரு தெருகூடத் தாண்டாது. இதற்கு ஹைபிரிட் விலை சொல்கிறவர் இருந்தால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

2022 முதல் வந்த கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றில் 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' உண்டு. இது நிஜமான இரட்டை மாடு. ஆனால் பிளக் கிடையாது. ஓட்டும்போதே தானாகச் சார்ஜ் ஆகும். இவற்றின் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் என்று கம்பெனி வாரண்டி உண்டு.

எது எந்த ரகம் என்று ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எரிபொருள் என்ற இடத்தில் 'பிளக்-இன் ஹைபிரிட்', 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' என்று பிரித்து எழுதும் வழக்கம் வாகனப் பதிவில் இருக்கிறது. தரகர் வாயைப் பார்க்காமல் காகிதத்தைப் பாருங்கள்.

வெயில் தின்ற பேட்டரி

பேட்டரி எதனால் இளைக்கிறது? வயதாகி இளைக்கிறது. ஓடி ஓடி இளைக்கிறது. இந்த இரண்டையும்விட வேகமாக இளைக்க வைப்பது வெயில்.

இது உலகத்துக்குத் தெரிய வந்த கதை அமெரிக்காவில் நடந்தது. அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் என்று ஒரு பட்டணம். கொளுத்தும் பாலைவனம். அங்கே 2011ல் 'நிஸ்ஸான் லீஃப்' என்ற மின்சாரக் காரை ஆசையாக வாங்கினார்கள். 2012 கோடையில் ஒவ்வொருவராகப் புலம்ப ஆரம்பித்தார்கள். "கட்டம் குறையுது!"

அந்தக் காரில் இரண்டு வரிசைக் கட்டங்கள். ஒன்று, இப்போது எவ்வளவு சார்ஜ் என்று காட்டும். பக்கத்தில் இன்னொரு மெல்லிய வரிசை. அதில் 12 கட்டம். அது பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும். அதில் முதல் கட்டம் போனாலே பேட்டரியின் கொள்ளளவில் 15 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் 6 சதவீதம் சொச்சம். புதுக் காரில் ஒன்றிரண்டு வருடத்திலேயே இரண்டு, மூன்று கட்டம் காணாமல் போனால் எப்படி இருக்கும்?

சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2012 செப்டம்பரில் 12 கார்களை வரிசையாக நிறுத்தி, ஒரே ரோட்டில் ஓட்டி, எது எங்கே நிற்கிறது என்று தாங்களே சோதனை போட்டார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. 5 வருடம் அல்லது 60 ஆயிரம் மைலுக்குள் ஆரோக்கியக் கட்டம் 9க்குக் கீழே போனால் சரி செய்து தருகிறோம் என்று 2012 கடைசியில் அறிவித்தது. பேட்டரி இளைப்புக்கும் வாரண்டி உண்டு என்ற வழக்கம் பரவியதற்கு இந்த ஃபீனிக்ஸ்காரர்களின் பிடிவாதமும் ஒரு காரணம்.

அந்தக் காரில் பேட்டரியைக் குளிர வைக்க ஏற்பாடு எதுவும் இல்லை. காற்றுப் பட்டால் உண்டு. தண்ணீரோ ஏ.சி.யோ வைத்துப் பேட்டரியைக் குளிர வைக்கிற கார்கள் வெயிலைத் தாங்குகின்றன. ஆகவே நம்மூர் சித்திரை வெயிலில் ஓடுகிற வண்டிக்கு முதல் கேள்வி: "பேட்டரிக்குக் குளிர்ச்சி எப்படி?"

இரண்டாவது கேள்வி: "வண்டி எங்கே நின்றது?" ஷெட்டில் நின்ற வண்டி ஒரு ரகம். ஐந்து வருடமாக வெட்டவெளியில், அதுவும் முழு சார்ஜோடு வெயிலில் நின்ற வண்டி வேறு ரகம். முழு சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரிக்கு ஆகவே ஆகாது.

கட்டத்தை நிரப்பும் வித்தை

இப்போது தில்லுமுல்லுக்கு வருவோம்.

இந்த லீஃப் காரில் ஆரோக்கியக் கட்டம் எப்படித் தெரிகிறது? கார் கம்ப்யூட்டர் தானாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. பேட்டரியைத் திறந்து அளந்து பார்த்துச் சொல்வதில்லை. பல நாள் ஓட்டத்தையும் சார்ஜையும் பார்த்து ஒரு மதிப்பு வைத்திருக்கிறது.

அந்தக் கணக்கை அழித்துவிட்டால்? ஒரு கருவியைச் சொருகி பேட்டரி கம்ப்யூட்டரை 'ரீசெட்' செய்தால், 'இது புதுப் பேட்டரி' என்று கார் நம்பிவிடும். 8 கட்டம் காட்டிய வண்டி மறுநாள் 12 கட்டம் காட்டும்! உள்ளே அதே கிழட்டுப் பேட்டரி. சில வாரம் ஓட்டிய பிறகு கார் மெல்ல மெல்ல உண்மையைக் கற்றுக் கொள்ளும். கட்டங்கள் ஒவ்வொன்றாக உதிரும். அதற்குள் காசு கை மாறியிருக்கும். விற்றவர் போன் எடுக்க மாட்டார்.

திருநெல்வேலிச் சீமைக்காரனுக்கே அல்வா கொடுக்கிற வேலை!

பிளக்-இன் ஹைபிரிட்டிலும் இதே கதைதான். மிட்சுபிஷி அவுட்லேண்டர் என்ற கார் ஜப்பானில் 2013 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. உலகத்தில் அதிகம் விற்ற பிளக்-இன் ஹைபிரிட்களில் ஒன்று. அதிலும் பேட்டரிக் கணக்கை 'ரீசெட்' செய்ய முடியும். பழுது பார்க்கும்போது நல்ல எண்ணத்தோடும் செய்வதுண்டு. விற்பதற்கு முன்தினம் செய்தால் அதை எப்படிச் சொல்வது?

கடலுக்கு அந்தப் பக்கம்

இந்த வண்டிகளோடு நிஜமாக மல்லுக்கட்டிய தமிழர்கள் ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

இலங்கைக்கு ஜப்பானில் இருந்து பழைய கார்கள் கப்பலில் வரும். ரோட்டில் நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிற ஊர். ஜப்பானும் அப்படியே. ஆகவே ஸ்டியரிங் மாற்ற வேண்டியதில்லை. ஹைபிரிட்டுக்கு வரியில் சலுகை கிடைத்த காலத்தில் பிரியஸ், அக்வா, வெசல் என்று வந்து குவிந்தன. லீஃபும் வந்தது, அவுட்லேண்டர் பிளக்-இன்னும் வந்தது. யாழ்ப்பாணம் ரோட்டிலும் கொழும்பு ரோட்டிலும் ஹைபிரிட் என்றால் ஆச்சரியமாகப் பார்க்க யாரும் இல்லை.

2020 மார்ச்சில் அன்னியச் செலாவணி முடையால் வண்டி இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பிப்ரவரியில்தான். கிட்டத்தட்ட ஐந்து வருடம் புது வரவே இல்லை. இருந்த வண்டிகளே சுற்றிச் சுற்றி விற்றன. விலை எகிறியது. நடுவில் 2022ல் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் கியூ, அப்புறம் கியூ.ஆர். கோடு காட்டி அளவுச் சாப்பாடு மாதிரி அளவு பெட்ரோல். கரண்டில் ஓடுகிற வண்டி வைத்திருந்தவர் ராஜா.

ஆனால் அந்த ஐந்து வருடமும் பேட்டரிக்கு வயது ஏறிக் கொண்டே இருந்தது. ஆகவே அங்கே பேட்டரியைத் திறந்து பழுது பார்க்கிற பட்டறைகள் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டன. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் பேட்டரியைச் சோதிக்கிற வழக்கம் அவர்களுக்குக் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

பிரியஸ் காரின் பேட்டரி என்பது ஒரே பெட்டி அல்ல. 28 சின்னப் பெட்டிகள் சேர்ந்தது. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட். மொத்தம் 200 வோல்ட் சொச்சம். 28ல் ஒன்று கெட்டாலும் மொத்தமும் மக்கர் பண்ணும். பட்டறையில் அந்த ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு, வேறு பழைய பேட்டரியில் இருந்து ஒன்றைப் போடுவார்கள். விளக்கு அணைந்துவிடும். வண்டி ஓடும். கொஞ்ச நாளில் அடுத்தது போகும். ஒட்டுப் போட்ட வேட்டி எத்தனை நாள் தாங்கும்? ஆகவே "பேட்டரி மாற்றியாச்சு" என்று ஒருவர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். முழுசாகவா, ஒன்றிரண்டா, பில் எங்கே என்று கேளுங்கள்.

அதே பிரியஸில் பின் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காற்றுச் சன்னல் உண்டு. பேட்டரியைக் குளிர வைக்கிற ஃபேன் அது வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அதில் தூசி அடைத்தால், அல்லது ஜவுளி மூட்டையை அதன் மேல் சாய்த்து வைத்தால், பேட்டரி வெந்து போகும். பழைய ஹைபிரிட் பார்க்கும்போது அந்தச் சன்னலுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பஞ்சும் முடியுமாக வந்தால் உள்ளே என்ன நிலைமை என்று ஊகித்துக் கொள்ளலாம்.

கரண்டு மீட்டர் பொய் சொல்லாது

சரி, கார் மீட்டரை நம்ப முடியாது. அப்புறம் எதை நம்புவது?

நம் வீட்டு மின்வாரிய மீட்டரை நம்பலாம். அதை எந்தக் கார் தரகரும் ரீசெட் செய்ய முடியாது!

வேலை சுலபம். பிளக்-இன் வண்டியை மோட்டாரில் மட்டும் ஓட்டுங்கள், இஞ்சின் தானாகக் கிளம்புகிற வரை. அங்கே நிறுத்தி வீட்டுக்கு வந்து பிளக்கில் சொருகுங்கள். சொருகும் முன் மீட்டர் யூனிட்டைக் குறித்துக் கொள்ளுங்கள். ஃபிரிஜ், மோட்டார் எல்லாம் அணைத்துவிடுங்கள். கார் முழுசாகச் சார்ஜ் ஆனதும் மறுபடி குறியுங்கள். எத்தனை யூனிட் குடித்தது? அதுதான் பேட்டரியின் வயிறு.

உதாரணத்துக்கு அந்த அவுட்லேண்டர். முதலில் வந்த மாடலில் பேட்டரி 12 யூனிட் கொள்ளளவு. ஒதுக்கி வைத்தது போக, புதிதாக இருக்கும்போது காலியில் இருந்து முழுசாக நிரப்ப சுவரில் இருந்து சுமார் 10 யூனிட் இழுக்கும். சூடாகி வீணாவதும் இதற்குள் அடக்கம். அதே வண்டி 7 யூனிட்டிலேயே "போதும்" என்று ஏப்பம் விட்டால்? வயிறு சுருங்கிவிட்டது என்று அர்த்தம்.

வீட்டு மீட்டரைக் குடைய வேண்டாம் என்றால், பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் சொருகுகிற சின்ன யூனிட் மீட்டர் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். 16 ஆம்பியர் தாங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எர்த் இல்லாத பிளக்கில் இந்தச் சோதனையே வேண்டாம்.

நேரத்தையும் பாருங்கள். அந்த அவுட்லேண்டர் 200 வோல்ட்டில் நிரம்ப சுமார் 4 மணி நேரம் என்பது கம்பெனிக் கணக்கு. இரண்டரை மணியிலேயே முடிந்துவிட்டால், "ஆஹா, சீக்கிரம் சார்ஜ் ஆகுதே!" என்று சந்தோஷப்படக் கூடாது.

இதற்கு ஒரு ராத்திரி வண்டி உங்கள் கையில் இருக்க வேண்டும். "அதெல்லாம் முடியாது, வேற ஆளு அட்வான்ஸோட நிக்கிறாரு" என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த வேற ஆளுக்கே கொடுக்கட்டும்.

ராஜபாளையம் ரோட்டில் ஒரு ஓட்டம்

இரண்டாவது சோதனை, தூரம். முழு சார்ஜ் போட்டு, ஏ.சி.யை அணைத்து, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் 50 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போங்கள். சிவகிரியில் இருந்து ராஜபாளையம் பக்கம் போகிற நெடுஞ்சாலை இதற்குத் தோது. மலை ஏறி இறங்குகிற ரோட்டில் செய்தால் கணக்கு குழம்பும். இஞ்சின் எந்தக் கிலோமீட்டரில் உறுமுகிறது என்று குறியுங்கள்.

கம்பெனி விளம்பரத்தில் சொன்ன தூரம் புதுக் காருக்கே வராது. அவுட்லேண்டருக்கு ஜப்பானிய அளவில் 60 கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். நிஜ ரோட்டில் புது வண்டியே 40ஐ ஒட்டித்தான் போகும். அதில் இருந்து எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி.

சட்டென்று மிதித்தால் பேட்டரியில் சார்ஜ் இருந்தும் இஞ்சின் கிளம்பும். அதைப் பேட்டரி குற்றமாக எடுத்துக் கொள்ள வேண்டாம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே

மூன்றாவது வழி, கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முள் கொண்ட ஒரு துளை இருக்கும். அதில் சின்ன ஸ்கேனரைச் சொருகி, செல்போனில் பார்க்கலாம். லீஃபுக்கு 'லீஃப் ஸ்பை', அவுட்லேண்டருக்கு 'வாட்ச்டாக்' என்று தனித்தனி ஆப் இருக்கிறது.

அதில் நிறைய எண்கள் ஓடும். இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

ஒன்று, ஏ.எச். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் 150 ஏ.எச். என்று எழுதியிருக்குமே, அதே அளவுதான். பழைய அவுட்லேண்டர் புதிதில் 38ஐ ஒட்டிக் காட்டும். இப்போது 28 காட்டினால் ஆரோக்கியம் சுமார் 74 சதவீதம்.

இரண்டு, செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு. அந்தக் காரில் 80 செல்கள் வரிசையாக நிற்கின்றன. வடம் இழுப்பது மாதிரி. 79 பேர் பலசாலியாக இருந்தாலும் நோஞ்சான் ஒருவன் தடுக்கினால் தேர் நிற்கும். எல்லா செல்லின் வோல்ட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சார்ஜ் குறைவாக இருக்கும்போது, வண்டி ஓடும்போது பாருங்கள். அப்போதுதான் நோஞ்சான் முழிப்பான். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் தொங்கினால் சந்தேகம்தான்.

முக்கியமாக ஒன்று. ஏ.எச். எண்ணும் ரீசெட்டில் மாறக் கூடியது. ஆகவே ஸ்கேனர் நல்ல எண் காட்டி, கரண்டு மீட்டர் குறைந்த யூனிட் காட்டினால், கரண்டு மீட்டர் பக்கம் நில்லுங்கள். இரண்டும் ஒத்துப் போகாததே ஒரு துப்பு.

எத்தனை சதவீதம் இருந்தால் நல்லது? ஐ.நா. வாகன விதி அமைப்பு 2022ல் ஒரு அளவுகோல் வைத்தது. பிளக்கில் சொருகுகிற கார்களின் பேட்டரி 5 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டரில் 80 சதவீதமும், 8 வருடம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டரில் 70 சதவீதமும் மிச்சம் இருக்க வேண்டும். நீங்கள் பார்க்கிற வண்டியின் வயதையும் எண்ணையும் இதோடு ஒப்பிட்டு விலை பேசலாம்.

சின்ன பேட்டரி செய்கிற கலாட்டா

இந்த வண்டிகளில் பெரிய பேட்டரி போக, சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. கம்ப்யூட்டரை எழுப்புவது அதுதான். அது செத்தால் கார் அசையாது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் கண்டபடி எரியும். பார்க்கிறவர் பெரிய பேட்டரியே போச்சு என்று பதறுவார். சில ஆயிரத்தில் முடிகிற வேலைக்கு லட்சக் கணக்கில் எஸ்டிமேட் போடவும் ஆள் உண்டு. ஆகவே முதலில் 12 வோல்ட்டைச் சோதித்துவிட்டுப் பிறகு பயப்படுங்கள்.

ஆரஞ்சு ஒயர்

மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஆரஞ்சு நிற ஒயரைத் தொடாதீங்க!

12 வோல்ட்டில் பொறி பறந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அவுட்லேண்டர் பேட்டரி 300 வோல்ட். அதுவும் டி.சி. கரண்டு. சாவியை எடுத்துவிட்டாலும் உள்ளே அது உயிரோடுதான் இருக்கும். ஆளைப் பிடித்தால் விடாது. பயிற்சியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் பேட்டரி மூடியைத் திறக்கிற வேலை வேண்டவே வேண்டாம். இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தச் சோதனைக்கும் ஒரு ஸ்குரூவைக் கூடக் கழற்ற வேண்டியதில்லை.

வெள்ளத்தில் முங்கிய வண்டிகள் இன்னொரு வில்லங்கம். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பேய்மழை பெய்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியதே, அந்தத் தண்ணீரில் எத்தனையோ வாகனங்கள் முங்கின. சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துருவும் வண்டலும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முங்கிய பேட்டரி இன்று ஓடும். உள்ளே அரிப்பு நடந்து கொண்டே இருக்கும்.

கடைக்காரர் ஸ்கூட்டருக்கும் இதே சட்டம்

"நமக்கெதுக்குப்பா கோடி ரூபாய்க் காரு" என்று கேட்கிற அண்ணாச்சிமார்களே, உங்கள் கடை வாசலில் நிற்கிற பேட்டரி ஸ்கூட்டருக்கும் இதே கதைதான். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகி ஊர் ஊராகப் போகிற ஸ்கூட்டர்களில் முதலில் விற்றவை இப்போது இரண்டாம் கைக்கு வருகின்றன. யூனிட் கணக்கும் தூரக் கணக்கும் அதற்கும் பொருந்தும். யூனிட் குறைவு என்பதால் கணக்கு இன்னும் சுலபம்.

ஸ்கூட்டரில் காசு மட்டும் அல்ல, உயிரும் பணயம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் ராத்திரி தீப்பிடித்து, புகையில் சிக்கி ஒரு தகப்பனாரும் மகளும் இறந்தார்கள். அந்த வருடம் நாட்டில் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பிறகுதான் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. 2022 டிசம்பர் 1ந் தேதி ஒரு கட்டம், 2023 மார்ச் 31ந் தேதி அடுத்த கட்டம் என்று அமலுக்கு வந்தன.

ஆகவே பழைய ஸ்கூட்டர் என்றால் தயாரித்த மாதம், வருடத்தைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்பா, பின்பா? பேட்டரி உப்பியிருந்தால், விழுந்து நசுங்கியிருந்தால், வாடை வந்தால் விலை பேச வேண்டாம். வாசற்படியை மறித்துக் கொண்டு ராத்திரி சார்ஜ் போடுவதை இன்றோடு விடுங்கள்.

கை நீட்டுவதற்கு முன்

வண்டி பிடித்துவிட்டது, சோதனையும் சரி. இனி காகிதம்.

பேட்டரி வாரண்டி இன்னும் மிச்சம் இருக்கிறதா, அது இரண்டாவது சொந்தக்காரருக்கும் செல்லுமா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். கம்பெனியிலேயே பேட்டரி சோதனை போட்டு ரிப்போர்ட் தருகிறார்களா என்றும் கேளுங்கள். பழைய சர்வீஸ் பில்களில் பேட்டரி வேலை எதுவும் நடந்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

செங்கோட்டை வழியாகக் கேரள நம்பர் வண்டி வந்தால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும். டி.என்.79 நம்பர் வாங்க சங்கரன்கோவில் ஆபீசுக்கு அலைகிற செலவையும் விலையில் கழியுங்கள்.

பழைய கார் வியாபாரியிடம் வாங்கினால், அவருடைய லாபத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 2024 டிசம்பர் கவுன்சில் முடிவுப்படி மின்சார வண்டிக்கும் அதே. தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் இந்த வரி கிடையாது. முழு விலைக்கும் 18 சதவீதம் என்று யாராவது கேட்டால் விரட்டிவிடுங்கள்.

கடைசியாக, விற்பனைக் காகிதத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: இந்தத் தேதியில், இந்தக் கிலோமீட்டரில், காலியில் இருந்து முழு சார்ஜுக்கு இத்தனை யூனிட் ஏறியது, ஆரோக்கியம் இத்தனை சதவீதம் என்று காட்டியது, பேட்டரிக் கணக்கு ரீசெட் செய்யப்படவில்லை. கீழே விற்பவர் கையெழுத்து. ஸ்கேனர் திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த ஒரு வரி இருந்தால், பிறகு கட்டம் உதிரும்போது வழி உண்டு. வியாபாரியிடம் வாங்கியது என்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. தெரிந்தே பேட்டரிக் கணக்கை அழித்து விற்றது நிரூபணமானால் அது மோசடி. நாம் 420 என்று சொல்லிப் பழகிய பிரிவு 2024 ஜூலை 1ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. ஸ்டேஷனில் புகார் எழுதும்போது அந்த எண்ணைப் போடுங்கள்.